பேட்டரில ஓடுற மெட்டல் கட்டர் நாமளே செய்ய முடியுமா?

கம்பிவேலை:
வணக்கம். கேட், கிரில், கைப்பிடினு ஃபேப்ரிகேஷன் வேலை பண்றேன். சைட்ல பாதி நேரம் கரண்ட் கனெக்‌ஷனே வந்திருக்காது, ஜெனரேட்டர தூக்கிட்டு மாடி ஏறுறது பெரிய ரோதனை. அதான் லித்தியம் பேட்டரி வச்சு தோள்ல மாட்டிட்டு போற மாதிரி சின்னதா ஒரு பிளாஸ்மா கட்டர் (மின்பொறியும் காத்தும் சேத்து இரும்ப உருக்கி வெட்டுற மெஷின்) செஞ்சா என்னனு தோணுது. பெரும்பாலும் 2 எம்எம் ஸ்கொயர் ட்யூப், எப்பவாவது 6 எம்எம் பிளேட். கணக்குப்படி இது நடக்குமா?

ஆர்க்லைட்:
பேட்டரி கணக்கு மட்டும் பாத்தா நடக்கும் ப்ரோ. கட்டிங் கரண்ட் 20 ஆம்ஸ்னு வைங்க, ஆர்க் (டார்ச் முனையில எரியுற மின்பொறி) வோல்டேஜ் 100 கிட்ட நிக்கும், அப்ப டார்ச் முனையில மட்டும் 2000 வாட்ஸ், இன்வெர்ட்டர் லாஸும் சேத்தா 48 வோல்ட் பேக்லேர்ந்து 50 ஆம்ஸ் இழுக்கும். 20 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேக் இருந்தா 20 நிமிஷத்துக்கு மேலயே ஆர்க் வரும், அது தாராளம்.

இடிக்கிறது காத்து, உருகின இரும்ப ஊதித் தள்ள அது வந்துட்டே இருக்கணும். 4, 5 பார் பிரஷர்ல நிமிஷத்துக்கு 100 லிட்டருக்கு மேல வேணும், கார் டயருக்கு காத்தடிக்கிற பம்ப்லாம் பக்கத்துல கூட வராது. அந்த அளவு கம்ப்ரஸர்னா அதுக்கே ஒரு கிலோவாட் போயிடும், டேங்க் வேற, தோள்ல மாட்டுற கதை அங்கயே முடிஞ்சுது. இன்னொண்ணு, ஆர்க் பிடிக்காதப்ப டார்ச்ல 200 வோல்ட்டுக்கு மேல டிசி நிக்கும். இத வீட்ல சர்க்யூட் கட்டி செய்யாதீங்க, கை தவறினா உயிர் போயிடும்.

கம்பிவேலை:
காத்த நான் யோசிக்கவே இல்லண்ணா. அப்ப கிரைண்டருக்கே பேட்டரி பேக் கட்டினா?

செல்மெக்கானிக்:
அது சரியான வழி. ஆனா மோட்டாரும் நாமளே போடுறேன்னு போகாதீங்க தம்பி. 1000 கேவி (கிலோவோல்ட் இல்ல, ஒரு வோல்ட்டுக்கு எத்தன ஆர்பிஎம்னு அர்த்தம்) பிரஷ்லெஸ் மோட்டார 21 வோல்ட்ல நேரா ஓட்டினா 21,000 ஆர்பிஎம் சுத்தும், 4 இஞ்ச் கட்டிங் வீலோட லிமிட்டே 15,000 சொச்சம்தான், வீல் சிதறி முகத்துல அடிக்கும். பேட்டரி கிரைண்டர் ரெடிமேடா வாங்கி பேக்க மட்டும் நீங்க கட்டுங்க.

700 வாட்ஸ் லோடுனா 18 வோல்ட்ல 40 ஆம்ஸ் கிட்ட. 18650 செல்ல (உருளை லித்தியம் செல்) 5எஸ் 2பி, அதாவது ரெண்டு ரெண்டா பேரலல்ல சேத்து அப்படி அஞ்ச சீரிஸ்ல கட்டினா ஒரு செல் மேல 20 ஆம்ஸ், நல்ல ஹை டிரெய்ன் (அதிக கரண்ட் தர்ற) செல்லுக்கே அது உச்சம். ஒரு செல்லோட உள் ரெசிஸ்டன்ஸ் 20 மில்லிஓம்னு வச்சா பேக்ல 2 வோல்ட் டிராப், 80 வாட்ஸ் வெறும் சூடாவே போகுது, கை வச்சா தெரியும். 3பி கட்டுங்க, ஒரு செல்லுக்கு 13 ஆம்ஸ்தான், நிம்மதியா ஓடும். சால்டரிங் அயர்ன செல் மேல வைக்கவே கூடாது, ஸ்பாட் வெல்டிங்தான்.

லேத்காரன்:
மேல சொன்னதோட ஒண்ணு. வீல் 1 எம்எம் போடுங்க, 3 எம்எம் வீல் மூணு மடங்கு இரும்ப தின்னுதுன்னா அத்தனையும் பேட்டரி கணக்குலதான் ஏறும். கிரைண்டர் தூள் கரண்ட் கடத்தும், அதனால பேக்க திறந்த பொட்டில வைக்காதீங்க, நல்லா சீல் பண்ணி பொறி பறக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மாட்டுங்க. வீல் கார்ட எந்தக் காரணத்துக்கும் கழட்டாதீங்க.

பேக் கட்டினதும் முதல்ல 2 எம்எம் ட்யூப்ல ஓட்டிட்டு டிசி கிளாம்ப் மீட்டர்ல எத்தன ஆம்ஸ் காட்டுதுனு இங்க போடுங்க, அத வச்சு பிஎம்எஸ் (பேக்க பாதுகாக்கிற போர்டு) ரேட்டிங் பாத்துக்கலாம்.