ஜப்பானில் செலவு இவ்வளவு குறைந்துவிட்டதா? அமெரிக்காவோடு ஒப்பிடுவதில் ஒரு குழப்பம்

கேள்வி

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜப்பான், அமெரிக்கா இரண்டின் குடும்ப நுகர்வுச் செலவையும் நடப்பு டாலர் மதிப்பில் எடுத்து ஒரே படத்தில் போட்டேன். அமெரிக்கக் கோடு 2012-ல் சுமார் 11 லட்சம் கோடி டாலரில் தொடங்கி 2024-ல் 20 லட்சம் கோடியை நெருங்குகிறது. ஜப்பான் கோடோ மூன்றரை லட்சம் கோடிக்கு மேலே இருந்து இரண்டு சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு நாடே செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டியிருந்தால் அங்கே பஞ்சம்தான் வந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லையே! எங்கே தப்பு செய்கிறேன்?

பதில் 1

இறங்கியது செலவு இல்லை, யென். 2012-ல் ஒரு டாலருக்குச் சுமார் 80 யென், 2024-ல் சுமார் 150. மாதம் 3 லட்சம் யென் செலவழிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய விகிதத்தில் அது 3,750 டாலர், 2024 விகிதத்தில் 2,000 டாலர். அந்த வீட்டில் ஒரு பிடி அரிசிகூடக் குறையவில்லை, உங்கள் படத்தில் மட்டும் பாதி காணாமல் போய்விட்டது.

வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் டாலரையே விட்டுவிடுங்கள். அந்தந்த நாட்டுப் பணத்தில், நிலையான விலையில் (அதாவது விலையேற்றத்தைக் கழித்து) எடுத்து, 2012-ஐ 100 என்று வைத்துக் கோடு போடுங்கள். ஒரே வருடத்தில் யார் எவ்வளவு நுகர்கிறார்கள் என்று பார்க்கத்தான் வாங்கும் திறன் சமநிலை, அதாவது ஒரே பொருட்களை வாங்க இரண்டு நாட்டிலும் எவ்வளவு பணம் வேண்டும் என்று பார்த்துப் போடும் மாற்று விகிதம். அந்தக் கணக்கில் டாலருக்கு 100 யென்னை ஒட்டியே இத்தனை வருடமும் நிற்கிறது.

அப்புறம், தலைக்கு எவ்வளவு என்று வகுக்க மறக்காதீர்கள். 2000-க்கும் 2020-க்கும் இடையில் அமெரிக்க மக்கள்தொகை 28 கோடியிலிருந்து 33 கோடி ஆனது. ஜப்பானில் 12.7 கோடி 12.6 கோடியாகக் குறைந்தது.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் அதையெல்லாம் திருத்திய பிறகும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது: மருத்துவச் செலவு. தேசியக் கணக்கு அட்டவணைகளோடு பல வருடம் புழங்கியவன் என்பதால் சொல்கிறேன், இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம்.

ஜப்பானில் பெரும்பாலானவர்கள் மருத்துவமனையில் கட்டுவது 30 சதவீதம். அது குடும்பச் செலவில் வரும். மீதி 70 சதவீதம் பொதுக் காப்பீட்டிலிருந்து போகிறது, அது அரசு நுகர்வில் எழுதப்படுகிறது. அமெரிக்காவில் தனியார் காப்பீடு கொடுப்பது மட்டுமல்ல, முதியோருக்கான மெடிகேர், வறியோருக்கான மெடிகெய்ட் கொடுப்பதும்கூடக் குடும்ப நுகர்விலேயே சேர்கிறது. ஒரே அறுவை சிகிச்சைதான், ஆனால் இரண்டு நாட்டிலும் வேறு வேறு கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கர்கள் அள்ளிச் செலவழிப்பதாகத் தெரிவதில் ஒரு பகுதி இந்த எழுதும் முறையால் வருவது.

அதனால் ‘உண்மையான தனிநபர் நுகர்வு’ என்ற வரியைத் தேடி எடுங்கள். யார் பணம் கட்டினாலும் மக்களுக்குக் கிடைத்த மருத்துவமும் கல்வியும் அதில் அடங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 2012 = 100 என்று போட்டுப் பார்த்தேன். ஜப்பான் கோடு விழவே இல்லை, கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது. அமெரிக்கக் கோடு ஏறுகிறது, ஆனால் முந்தைய படத்தில் இருந்த செங்குத்து இல்லை. காலாண்டு வாரியாகப் பார்த்தால் 2014 தொடக்கத்தில் ஜப்பானில் ஒரு கூம்பு, உடனே ஒரு சரிவு. இது தரவுப் பிழையா?

பதில் 2

பிழை இல்லை. 2014 ஏப்ரல் 1-ல் நுகர்வு வரி 5 சதவீதத்திலிருந்து 8 ஆனது. அதற்கு முன்பே வாங்கிவிடலாம் என்று ஜனங்கள் கடைகளில் குவிந்தார்கள், அடுத்த காலாண்டில் யாரும் வாங்கவில்லை. 2019 அக்டோபரில் 10 சதவீதம் ஆனபோதும் அதே மாதிரி ஒரு மேடும் பள்ளமும் தெரியும், பாருங்கள். இந்த இரண்டு தேதிகளையும் படத்திலேயே குறித்துவிடுங்கள்.