மரம், ஊத்து, பாறைக்குள்ள குடியிருக்கிறதுக்கு ஒரு சொல் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு வீடியோ கேமை தமிழாக்கிட்டு இருக்கேன். அதுல ஒரு மலைக்கூட்டம் வருது, முழுக்க கற்பனை. அவங்க கணக்குல ஒவ்வொரு ஊத்துக்குள்ளயும் மரத்துக்குள்ளயும் பாறைக்குள்ளயும் ஒண்ணு குடியிருக்கு. சாமி இல்ல, யாரும் கும்பிட மாட்டாங்க. பேயும் இல்ல, செத்துப்போனவங்க இல்ல. கோவிச்சுக்கும், பேரம் பேசும், புடிக்கலன்னா எடத்தை காலி பண்ணிட்டுப் போயிடும். அது அப்படி விட்டுப்போன வருஷத்தை வச்சுதான் இவங்க காலக்கணக்கே, "தெக்கு ஊத்து விட்டுப்போன அஞ்சாம் வருஷம்"னு.

நான் "ஆவி"ன்னு போட்டிருந்தேன். மரத்து ஆவி வரைக்கும் தாங்குச்சு, ஊத்துக்கு வந்தப்ப "நீராவி" ஆயிடுச்சு, டெஸ்ட் பண்ண பையன் இது வெந்நீர் ஊத்தாண்ணேங்கிறான். பட்டன்ல 12 குறிக்கு மேல போனா வெட்டிடும், யூனிகோடு கணக்கு, புள்ளி கொம்பு கால் எல்லாம் தனித்தனி குறி. இவங்க பழங்கதைப் பகுதிக்கும் ஒரு தலைப்பு வேணும்.

~~~

தம்பி, சிலப்பதிகாரத்தைத் திறங்க. காடுகாண் காதையில் கோவலன் தண்ணீர்த் தாகத்தோட நீர்த்துறையில நிற்கிறான், "கானுறை தெய்வம்" மாதவியோட தோழி வசந்தமாலை வடிவத்துல வந்து காலில் விழுந்து அழுது மயக்கப் பார்க்குது, அவன் மந்திரம் சொன்னதும் நான் வனசாரிணி, காட்டுல திரியறவன்னு ஒத்துக்கிட்டு, உன் மனைவிகிட்டயும் கவுந்தியடிகள்கிட்டயும் சொல்லிடாதேன்னு கேட்டுக்கிட்டுப் போயிடுது. நீங்க சொல்ற குணம் அப்படியே இருக்கே. ஆவியையும் ரொம்ப இளப்பமா நினைக்காதீங்க, ஆவியர் குடி, அதுல வந்த பேகன், ஆவிநன்குடி, இதுக்கெல்லாம் மூலம் எதுன்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு, தனி மடலா எழுதுறேன்.

~~~

ஐயா தனி மடல் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எழுதுங்க :) கானுறை தெய்வம் இடைவெளியோட சேர்த்து 14 குறி வருது. அதோட கும்பிடாத ஒண்ணுக்கு தெய்வம்னு பேர் வச்சா ஆடுறவங்க சூடம் ஏத்தற பட்டனைத் தேடுவாங்க.

~~~

நேரா புதுசா ஆக்கிடலாமே. உறைவது உறையி. செயலி, உலவி எல்லாம் இப்படித்தானே வந்துச்சு. 5 குறிதான். தூய தமிழ், பழைய பாரம் எதுவும் தலையில இல்ல.

~~~

> உறையி

தலையணைக்கு உறை மாட்டற மிஷினா? இல்ல ஃப்ரீசரா? உறைநிலை, உறைமோர்னு அந்த வேர் ஏற்கெனவே ஹவுஸ்ஃபுல். இன்னொண்ணு, இப்பல்லாம் இகரத்துல முடியற புதுச்சொல் எதைப் பாத்தாலும் போன்ல இறக்குற சாமான்னுதான் தோணுது. ஆயிரம் வருஷமா பாறைக்குள்ள உக்காந்திருக்கறவருக்கு நேத்து அடிச்ச பேரா?

~~~

அணங்கு என்று ஒரு சொல் இருப்பதை யாருமே நினைக்கவில்லை என்பது வருத்தம். மலையிலும் சுனையிலும் துறையிலும் இருப்பது, வருத்துவது. அண் என்பதற்கு நெருங்குதல் பொருள், அண்மை, அணை, அணி, அண்டு எல்லாம் அதிலிருந்து, ஆகவே அணங்கு என்றால் ஓரிடத்தை அண்டி நிற்பது என்பது என் துணிபு. அண்ணம், அண்ணாத்தல், அண்ணன் என்று மேல்நோக்கிப் போகும் கிளை வேறு, அதைப் பற்றியும் நிறையச் சொல்லலாம்...

~~~

சொல்ல வேணாம் ஐயா. அகராதியில அணங்குதல்னா வருத்துதல், அதுவே போதும், அண்டினது எல்லாம் அணங்குன்னா என் கடனும் அணங்குதான்.

என் பிரச்சனை வேற. இன்னைக்கு அணங்குன்னு சொன்னா யாருக்கு சுனை ஞாபகம் வருது? "பெருந்தமிழணங்கே"ன்னு நின்னு பாடி வளந்தவங்க நாம, உடனே சேலை கட்டின உருவம் கண்ணுல நிக்கும். திருக்குறள் 1081லயே "அணங்குகொல்"னு கேக்கறது ஒரு பொண்ணைப் பாத்துத்தானே. மூலத்துல இதுங்களுக்கு ஆண் பெண்ணே கிடையாதுன்னா, வினைமுற்றுல என்ன பண்ணப் போறீங்க? வந்தாளா, வந்தாரா, வந்ததா? நன்னூல் மக்கள், தேவர், நரகர் மூணும் உயர்திணைங்குது, இது மூணுலயும் இல்ல. அதுக்காக பேரம் பேசறதை அஃறிணைல தள்ளவும் மனசு வரல.

~~~

குறுந்தொகை 87ல மன்றத்து மராமரத்துல இருக்கறதை கபிலர் "கடவுள்"னே சொல்லிடறார். கொடியவங்களை அது தண்டிக்கும்னு ஊர் சொல்லுது, தலைவி பதறிப்போய் எங்காளு கொடியவர் இல்ல, என் நெத்தி தானாத்தான் பசந்துச்சு, தோள் தானாத்தான் மெலிஞ்சுதுன்னு மரத்துக்கிட்ட கேஸை வாபஸ் வாங்கறா. உங்க மலைக்கூட்டம் பண்றதும் இதே மாதிரி பேச்சுவார்த்தைதான். ஆனா இப்ப கடவுள்னு போட முடியாது, அந்தச் சொல் மரத்தை விட்டு எறங்கி ரொம்ப காலமாச்சு.

பழங்கதைக்கு: தொன்மம் வேண்டாம். அது வெளியில இருந்து பாக்கறவன் "இதெல்லாம் நடக்கல"ன்னு சொல்ற சொல். அவங்களுக்கு இது கதை இல்ல, காலண்டர். தொல்காப்பியர் செய்யுளுக்குச் சொன்ன எட்டு வனப்புல ஒண்ணா வச்ச "தொன்மை" சரியா இருக்கும், பழமை பத்தினதுன்னுதான் சொல்றார், நடந்துச்சா நடக்கலையாங்கற பேச்சே இல்ல.

~~~

தொல்வரவு? 1043ஆம் குறள்ல இருக்கு, வழிவழியா வந்த பெருமை.

~~~

வரவு செலவு. அடுத்து.

~~~

நண்பர்களே, வியாழக்கிழமை ராத்திரி 11 மணி. ஓட்டு எண்ணிப் பாத்துட்டேன்: அணங்கு 5, உறையி 2, கானுறை தெய்வம் 1 (ஐயா மட்டும்). அணங்கு போட்டாச்சு, பழங்கதைக்கு தொன்மை. வினைமுற்று "வந்தார்"னு வச்சிருக்கேன், சேலையும் இல்ல, அஃறிணையும் இல்ல.

ஆனா ஒரு இடி. ஊற்றணங்கு 9, பாறையணங்கு 10, ரெண்டும் நல்லா உக்காந்துச்சு. "பாறையணங்குகள்" 13. கடைசிப் புள்ளியை மட்டும் வெட்டிட்டான், திரையில "பாறையணங்குகள"ன்னு நிக்குது. அதனால பட்டன்ல "கள்"ளை எடுத்துட்டேன், ஒண்ணா இருந்தாலும் பலதா இருந்தாலும் பாறையணங்குதான். மாடு வந்தது, மாடு வந்தனங்கற மாதிரி பால்பகா அஃறிணைன்னு இலக்கணத்துலயே எடம் இருக்கே.

~~~

> பால்பகா அஃறிணை

ஆக அஃறிணைதான்னு 12 குறிக்காக ஒத்துக்கிட்டீங்க. மாடு உதாரணம் வேற. "பாறையணங்கு வந்தார்"னு திரையில பாத்தா நான் பிழைன்னுதான் குறிச்சு அனுப்புவேன், முன்கூட்டியே சொல்லிட்டேன்.