ஐபிஏ 87 சதவீதத்தைத் தாண்டவில்லை: டவரில் இன்னும் தட்டு சேர்க்கலாமா?

மணலி_பிராசஸ் கேட்டது:

வணக்கம். மணலியில் ஒரு சின்ன சால்வென்ட் ரெக்கவரி யூனிட்டில் வேலை பார்க்கிறேன். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மருந்துக் கம்பெனிகளில் கழுவி வந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை (ஐபிஏ) வடித்துத் திரும்ப விற்கிறோம். வருவது எடைக்கணக்கில் 60 சதவீதம் ஐபிஏ, மிச்சம் தண்ணீர். வடிக்கும் டவரில் ஆவியும் திரவமும் சந்தித்துப் பிரிய 30 தட்டு இருக்கிறது. உச்சியில் கிடைப்பது 87 சதவீதம்தான். ரிஃப்ளக்ஸ் ரேஷியோவை (எடுக்கும் சரக்குக்கு எத்தனை மடங்கைத் திரும்ப டவரில் விடுகிறோம் என்ற கணக்கு) 2-லிருந்து 5 வரை ஏற்றிப் பார்த்தாச்சு. ஸ்டீம்தான் போகிறது, தண்ணீர் அளவைக் காட்டும் கார்ல் ஃபிஷர் ரீடிங் அசையவில்லை. மேலிடத்தில் 99.5 வேண்டும் என்கிறார்கள். இன்னும் 20 தட்டு சேர்ப்பதா, வாக்குவம் போட்டு ஓட்டுவதா என்று பேச்சு ஓடுகிறது. எது சரி?

ராயபுரம்_சால்வென்ட்:

வாக்குவம் போடுங்க. எத்தனாலில் அழுத்தத்தைக் குறைத்தால் அஸியோட்ரோப் (வடித்துப் பிரிக்க முடியாத கலவை அளவு) நகர்ந்துவிடும், இதிலும் அப்படித்தான் இருக்கணும்.

எர்ணாவூர்_பாய்லர்:

இரண்டுமே வேண்டாம்மா. இருபது என்ன, இருநூறு தட்டு போட்டாலும் 87.7-ஐத் தாண்டாது. அந்த அளவில் ஐபிஏவும் தண்ணீரும் அஸியோட்ரோப் ஆகிவிடும். 80.4 டிகிரியில் கொதிக்கும்போது மேலே போகிற ஆவியும் கீழே நிற்கிற திரவமும் ஒரே கலவைதான். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லாதபோது தட்டு எதைப் பிரிக்கும்? மெக்கேப்-தீல் படம் (திரவக் கலவைக்கு எதிராக ஆவிக் கலவையைக் காட்டும் வரைபடம்) போட்டுப் பாருங்கள், மோல் கணக்கில் 0.68 பக்கத்தில் வளைகோடு மூலைவிட்டத்தைத் தொட்டுவிடும்.

ராயபுரம் தம்பி எத்தனாலுக்குச் சொன்னது உண்மை. 0.1 பாருக்குக் கீழே போனால் அங்கே அஸியோட்ரோப் கிட்டத்தட்ட மறைந்தே போகும். ஐபிஏ அப்படி இல்லை, அழுத்தத்தைக் குறைத்தாலும் கலவை பெரிதாக நகராது. அதோடு அந்த அழுத்தத்தில் உச்சிச் சூடு சுமார் 32 டிகிரிக்கு இறங்கிவிடும். மே மாசம் நம்ம பக்கம் கூலிங் டவர் தண்ணீரே 32, 33-ல் வரும். கண்டென்சர் பிடிக்காமல் ஆவி நேராக வாக்குவம் பம்புக்குப் போகும். எரியும் திரவத்தை வைத்துக்கொண்டு அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

டிசைனில் கை வைக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: 99.5 யாருக்கு வேண்டும்? வாங்குகிறவர் பாத்திரமும் ரியாக்டரும் கழுவத்தான் எடுக்கிறார் என்றால் 85-லேயே வாங்கிக்கொள்வார். தண்ணீர் துளியும் ஆகாத ரியாக்‌ஷனுக்குப் போகிறது என்றால்தான் மேலே ஏற வேண்டும். இதைக் கேட்காமலே லட்சக்கணக்கில் சாமான் வாங்கிப் போட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

நிஜமாகவே வேண்டும் என்றால் டவரை 85-ல் நிறுத்திவிட்டு மிச்சத்தை மாலிகுலார் சீவிடம் (நுண்துளைகளில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மணிகள்) விடுங்கள். கணக்கு இதுதான். டவருக்குள் விடும் 1000 கிலோ ஃபீடில் ஐபிஏ 600, தண்ணீர் 400. உச்சியில் 85 சதவீதத்தில் எடுத்தால் சுமார் 706 கிலோ, அதில் தண்ணீர் 106. சீவ் இழுக்க வேண்டியது அவ்வளவுதான். டவரை 87 வரை அடம்பிடித்து ஏற்றினால் அந்த 106, 90 ஆகும். அந்த 16 கிலோவுக்காகத்தான் ரிஃப்ளக்ஸை 5-க்கு ஏற்றி ஸ்டீமைக் கொட்டுகிறீர்கள். அதே சமயம் டவரே வேண்டாம் என்று 60 சதவீதத்தை நேராக சீவில் விட்டால் 400 கிலோவையும் அதுவே தூக்கணும், அதுவும் கட்டுப்படியாகாது. சைக்ளோஹெக்சேன் சேர்த்து வடிக்கும் முறையும் உண்டு. அதற்கு டிகேன்டரும் (இரண்டு அடுக்காக நிற்கும் திரவத்தைப் பிரிக்கும் தொட்டி) இன்னொரு டவரும் வேண்டும், எரியும் திரவமும் ஒன்று கூடும். சின்ன யூனிட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிசு. எல்லோரும் டவரின் உச்சியையே பார்க்கிறார்கள். உங்கள் அடித் தண்ணீரில் ஐபிஏ எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. அதில் 1 சதவீதம் மிஞ்சினாலே லிட்டருக்கு 10 கிராம். ஒரு கிராம் ஐபிஏவுக்கு 2.4 கிராம் ஆக்சிஜன் வேண்டும், அப்படியானால் சிஓடி (கழிவை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 24,000 மில்லிகிராம். ஆற்றிலோ கால்வாயிலோ விட வரம்பு 250. நம்ம ஊரில் இது தப்பிப் போனால் சேருமிடம் பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலையாறு, எண்ணூர் முகத்துவாரம். அங்கே இறாலும் நண்டும் பிடித்துச் சாப்பிடுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

நல்லவேளையாக, தண்ணீர் அதிகமாக இருக்கும் பக்கத்தில் ஐபிஏ சுலபமாக ஆவியாகிவிடும். ஃபீடுக்குக் கீழே உள்ள தட்டுகள் ஒழுங்காக வேலை செய்தாலே அடியில் மிகக் கொஞ்சமாக இறக்கிவிடலாம். டவரின் அடியில் கொதிக்கவைக்கும் ரீபாய்லரின் சூட்டைப் பாருங்கள். அங்குள்ள அழுத்தத்தில் சுத்தத் தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்குமோ அதைவிட 2 டிகிரி குறைவாகக் காட்டினால், சுமார் 1 சதவீதம் ஐபிஏ கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உச்சியில் மிச்சமாகும் ஸ்டீமை அதற்குச் செலவழியுங்கள்.

மணலி_பிராசஸ்:

ரொம்ப நன்றி சார். அடிச் சாம்பிளை இன்றைக்கே லேபுக்கு அனுப்புகிறேன். வாங்குகிறவரிடமும் கேட்டேன். இரண்டு பேருக்குக் கழுவத்தான், ஒருவருக்கு மட்டும் 99.5 கட்டாயம். சீவ் எந்த வகை, எவ்வளவு போடணும்?

எர்ணாவூர்_பாய்லர்:

அப்போ அந்த ஒருவருடைய அளவுக்கு மட்டும் சீவ் போட்டால் போதும், செலவு குறையும்.

வகை 3ஏ. அதன் துளை 3 ஆங்ஸ்ட்ராம். தண்ணீர் உள்ளே போகும், ஐபிஏ போகாது. பிடிக்கும் திறனைப் புதுச் சரக்கின் காகிதத்தில் போட்டிருக்கிறபடி நம்ப வேண்டாம், எடையில் 8 சதவீதம் என்று வைத்து டிசைன் செய்யுங்கள். 106 கிலோ தண்ணீருக்கு ஒரு சுற்றில் 1,300 கிலோ சீவ் வரும். சீவ் நிரப்பிய தொட்டியாக இரண்டு பெட் வைத்து ஒன்று ஓடும்போது மற்றதை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிய நைட்ரஜனில் உலர்த்துங்கள். உலர்த்தும்போது குளிர்ந்து வரும் தண்ணீரிலும் ஐபிஏ இருக்கும், அதைக் கீழே விடாமல் ஃபீட் டாங்கிலேயே சேருங்கள். பெட் ஆறும்முன் ஐபிஏவை உள்ளே விடவே கூடாது. தண்ணீரைப் பிடிக்கும்போது சீவே தன்னால் சூடாகும், அதற்குமேல் பழைய சூடும் இருந்தால் ஆபத்து.

அப்புறம் ஸ்டோரேஜ் டாங்க். கடற்காற்றுக்குத் திறந்த வென்ட் வைத்தால் ஐபிஏ ஈரத்தை இழுத்துக்கொள்ளும், 99.5 நிற்காது. நைட்ரஜன் பிளாங்கெட் போடுங்கள், அதாவது திரவத்துக்கு மேலே உள்ள இடத்தை நைட்ரஜனால் நிரப்பி வையுங்கள். ரொம்ப நாள் திறந்து கிடந்த பீப்பாய் வந்தால் வடிக்கும் முன் பெராக்சைடு டெஸ்ட் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். அடி ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுங்கம்மா, ஃபீட் எந்தத் தட்டில் நுழைகிறது என்பதையும் சேர்த்து.