பஸ் மாடலில் கிளியர் கோட் அடித்ததும் வெள்ளை பூத்துவிட்டது, காப்பாற்ற வழி உண்டா?

தென்னந்தோப்பு பஸ் (பொள்ளாச்சி)

வணக்கம்ங்க. என் பெரியப்பா பொள்ளாச்சி – உடுமலை – பழனி தடத்தில் 26 வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். இந்த ஆயுத பூஜைக்கு அவர் ஓட்டிய வண்டியையே 1/24 அளவில் செய்து அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. 11 மீட்டர் வண்டி, மாடலில் 46 சென்டிமீட்டர் வருகிறது. பாடி முழுக்க பிவிசி ஃபோம் ஷீட். பிரைமர் அடித்து, மேலே கார் டச்-அப் ஸ்ப்ரேயில் மெரூன் கொடுத்தேன்.

நேற்று சாயங்காலம் சாரல் நின்று அரை மணி நேரம் கழித்து மொட்டை மாடியில் வைத்து கிளியர் கிளாஸ் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடித்தேன். முதல் கோட் அருமையாக வந்தது. பளபளப்பு போதவில்லை என்று இரண்டாவதைக் கொஞ்சம் கனமாக விட்டேன். பத்து நிமிடத்தில் இடது பக்கம், ஜன்னலுக்குக் கீழே, பால் தெளித்த மாதிரி வெளுத்துவிட்டது. இன்று வெயிலில் வைத்தும் போகவில்லை.

இன்னொன்று. டயருக்கும் டேஷ்போர்டுக்கும் மேட் கிளியர் (பளபளப்பைக் குறைக்கும் பூச்சு) அடித்தேன். கறுப்பு டயர் திருநீறு பூசியது போல் நிற்கிறது.

மூன்று மாத வேலைங்க. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதானா?

கரூர் ஸ்ப்ரே கன்

தம்பி, தேய்க்காதே. எதையும் தொடாமல் அப்படியே வை.

நான் இங்கே பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். இப்படி வெளுப்பதை பெரிய வண்டியிலும் பார்த்திருக்கிறேன். மரத்துக்கு என்.சி. பாலிஷ் போடும் ஆசாரிகளைக் கேட்டாலும் சொல்வார்கள், மழை நாளில் பாலிஷ் வெள்ளை பூக்கும் என்று. தின்னர் ஆவியாகும்போது அந்த இடத்துச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிட் ஊற்றினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா, அதேதான். காற்றில் ஈரம் நிறைய இருந்தால், குளிர்ந்த பரப்பில் அந்த ஈரம் பனியாக இறங்கி, காயாத கிளியருக்குள் மாட்டிக்கொள்ளும். கோட் கனமாக இருந்தால் தின்னரும் அதிகம், குளிர்ச்சியும் அதிகம். உன் முதல் கோட் தப்பித்ததும் இரண்டாவது மாட்டியதும் அதனால்தான்.

மாட்டியதை வெளியே விட வேண்டும், அவ்வளவுதான். நல்ல வெயில் நாளில், உச்சிப் பொழுதில், அதே கிளியரை மிக மெல்லிசாக ஒரு கோட் விடு. புதுத் தின்னர் பழைய தோலை இளக்கும். ஈரம் வெளியேறி, கிளியர் திரும்பச் சேர்ந்துகொள்ளும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. போட்டோவில் கிரீம் பட்டை ஒன்று தெரிகிறதே, அது என்ன பெயிண்ட்? ஸ்ப்ரேயா, பிரஷ்ஷா?

தென்னந்தோப்பு பஸ்

பிரஷ்தான் அண்ணா. கடையில் வாங்கிய சிந்தெடிக் எனாமல். கிளியர் அடிப்பதற்கு மூன்று நாள் முன் போட்டேன்.

கரூர் ஸ்ப்ரே கன்

நினைத்தேன். எனாமல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய வெகுநாள் ஆகும். அதன்மேல் கிளியரில் இருக்கும் லாக்கர் தின்னர் நனைகிற அளவுக்கு விழுந்தால் பட்டை சுருங்கி மேலெழும்பும். ஒரு வாரமாவது பொறு. அப்புறமும் பட்டைமேல் நேராக அடிக்காதே. ஒரு அடி தள்ளி நின்று, தூறல் மாதிரி மேலாக விழவிட்டு, பத்து நிமிடம் காத்திருந்து, திரும்ப ஒரு தூறல். அவசரப்பட்டால் இதுவரை தப்பித்த பட்டையும் போய்விடும்.

யாராவது ஹார்டனர் கலக்கும் 2கே கிளியர் அடி என்று சொன்னால் வீட்டில் வேண்டாம். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழலைக் கெடுக்கும். சாதாரணத் துணி மாஸ்க் அதற்குப் போதாது.

சூலூர் சிறகு

நான் 1/72 விமானங்கள் செய்கிறவன். இங்கே விமானப்படைத் தளத்தில் தேஜஸ் பறப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். டயர் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், அது ஈரத்தால் வந்ததாகத் தெரியவில்லை.

மேட் கிளியர் என்பது கிளியருக்குள் சிலிகா போன்ற நுண்ணிய தூள் கலந்தது. காய்ந்து சுருங்கும்போது அந்தத் தூள் மேலே துருத்தி நிற்கும். வெளிச்சம் அதில் பட்டு நாலா பக்கமும் சிதறுவதால்தான் பளபளப்பு தெரிவதில்லை. கேனைச் சரியாகக் குலுக்காவிட்டால் தூள் அடியில் தங்கி, ஒரு நேரம் வெறும் கிளாஸாகவும் ஒரு நேரம் தூள் கட்டியாகவும் வரும். கனமாக அடித்தாலும் தூள் கூடிப்போகும். வெள்ளை நிறத்தில் இது தெரியாது. கறுப்பில் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். மாடல் பெயிண்ட் கம்பெனி தாமியாவின் எக்ஸ்-21 ஃபிளாட் பேஸை (பளபளப்பைக் குறைக்கக் கலப்பது) கிளாஸ் பெயிண்டில் கலக்கும்போது பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

டயர்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை கறுப்பாகி, காய்ந்ததும் திரும்ப வெளுத்தால் கோளாறு மேற்பரப்பில் மட்டும்தான். அப்படியென்றால் மேலே ஒரு கிளாஸ் கோட் அடித்தாலே மேடு பள்ளம் நிரம்பி கறுப்பு திரும்பிவிடும். நான் தாமியா எக்ஸ்-22 கிளாஸ் கிளியரை எக்ஸ்-20ஏ தின்னரில் கலந்து அடிப்பேன். காய்ந்தபின் மேட் கிளியரை மெல்லிசாக, இரண்டு நிமிடம் குலுக்கிவிட்டு, ஒரே கோட்.

ஊர்ப் பெயர்ப் பலகைக்கு தண்ணீர் டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப்படம்) ஒட்டுவதாக இருந்தால் கிளாஸ் மேலேயே ஒட்டுங்கள். மேட் பரப்பின் சொரசொரப்பில் காற்று அடைபட்டு, டெக்கலைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுங்கும். இங்க்ஜெட்டில் எடுத்த டெக்கல் என்றால் தண்ணீரில் போடும் முன் அதற்கே ஒரு கிளியர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மை கரைந்துவிடும்.

ஈரோட்டு ரயில்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சிக்குத்தான் முதலில் ஈரத்தைக் கொண்டுவருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை பெய்யாத மாலையிலும் காற்று நனைந்தே இருக்கும். ஒரு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். 80 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் நான் கேனைத் தொடவே மாட்டேன்.

எங்கள் வீட்டில் கோழிக்குஞ்சுக்குப் போடும் 60 வாட் குண்டு பல்பை அட்டைப்பெட்டிக்குள் தொங்கவிட்டு, மாடலை அரை மணி நேரம் உள்ளே வைப்பேன். கை வைத்தால் இளஞ்சூடு, அதற்கு மேல் போனால் ஃபோம் ஷீட் வளைந்துவிடும். ஸ்ப்ரே அடிக்கும் முன் பல்பை அணைத்து மாடலை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த ஆவி தீப்பிடிக்கக் கூடியது. கேனையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

தென்னந்தோப்பு பஸ்

மன்னிக்கவும், பதில் போட 12 நாள் ஆகிவிட்டது. வெயிலுக்குக் காத்திருந்தேன்.

முதலில் டயர். தண்ணீர் தடவினேன், சொன்னபடியே கறுத்தது. எக்ஸ்-22 அடித்ததும் திருநீறு மறைந்துவிட்டது. மறுநாள் மேட் ஒரே கோட். இப்போது நிஜ ரப்பர் மாதிரி இருக்கிறதுங்க.

பாடியை முந்தாநாள் மதியம் 12 மணிக்கு எடுத்தேன், ஈரப்பதம் 58. வீணாய்ப்போன ஒரு ஷீட் துண்டில் மெரூனும் எனாமலும் போட்டு வைத்திருந்தேன், அதில் அடித்துப் பார்த்த பிறகுதான் வண்டியைத் தொட்டேன். மூன்று தூறல். முதல் தூறலில் ஒன்றும் நடக்கவில்லை, பயந்துவிட்டேன். இரண்டாவது விழுந்து ஒரு நிமிடத்தில், கண்ணெதிரே, வெள்ளை கரைந்து மெரூன் மேலே வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிரீம் பட்டை சுருங்கவில்லை அண்ணா.

பின் சக்கர வளைவுக்கு மேலே காசு அளவுக்கு இன்னும் மங்கலாக இருக்கிறது. பக்கத்து நார் மில்லிலிருந்து தூளும் நாலைந்து இடத்தில் ஒட்டியிருக்கிறது.

கரூர் ஸ்ப்ரே கன்

நல்ல வேலை தம்பி. தூளுக்கு ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் தண்ணீர்ப் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய், அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட். விளிம்புகளைத் தொடாதே, அங்கே பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், சீக்கிரம் அடி தெரிந்துவிடும். வளைவில் இருக்கிற மங்கலுக்கு அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு தூறல்.

சூலூர் சிறகு

ஜன்னல் கண்ணாடி ஒட்டியாயிற்றா? மேட் வேலை எல்லாம் முடிந்த பிறகு ஒட்டுங்கள், சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்.

தென்னந்தோப்பு பஸ்

இன்னும் ஒட்டவில்லைங்க. வெள்ளைப் பசை வாங்கி வைத்திருக்கிறேன். முன் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் பெரியப்பா கையாலேயே வைக்கட்டும் என்று அந்த இடத்தை மட்டும் காலியாக விடப்போகிறேன்.