யூஎஸ்என் ரோல்பேக்: ‘பின்னுருட்டல்’ பொருந்துமா?

> ‘யூஎஸ்என் ரோல்பேக்’ (சர்வர் தன் மாற்றங்களுக்கு இடும் வரிசையெண் பின்னோக்கிப் போவது) என்பதற்குத் தமிழில் ‘வரிசையெண் பின்னுருட்டல்’ என்று வைக்கலாமா?

வேண்டாம் என்பேன். தரவுத்தளத்தில் பின்னுருட்டல் திட்டமிட்ட ஏற்பாடு. செய்ததும் எல்லாம் சீராகிவிடும். யூஎஸ்என் ரோல்பேக்கோ கண்ணில் படாமல் நேரும் கேடு. ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் வலையின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் அடைவு) ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் (அந்த அடைவின் படியை வைத்திருக்கும் சர்வர்) தன் மாற்றங்களுக்கு ஏறுவரிசையில் எண் இடுகிறது, அதுவே யூஎஸ்என். ‘இதனிடம் 5000 வரை வாங்கியாயிற்று’ என்று மற்றவை குறித்துவைக்கின்றன. பழைய வட்டுக் கோப்பைக் கொண்டுவந்து வைத்தால் எண் 4000க்கு இறங்கும். அந்த சர்வரின் தரவுத்தளப் படிக்கு அடையாளமான இன்வொகேஷன் ஐடி மட்டும் அப்படியே இருக்கும். அதன்பின் 4001 முதல் 5000 வரை விழும் புதுக் கணக்கையும் கடவுச்சொல் மாற்றத்தையும் மற்றவை கேட்கவே கேட்கா. புதுக் கணக்குகளுக்கு இட ஒதுக்கிய எண்களான ரிட் தொகுப்பும் பழையதாவதால் இரு கணக்குகளுக்கு ஒரே எஸ்ஐடி (பாதுகாப்பு அடையாள எண்) அமையக்கூடும். இதைக் கண்டதாக எச்சரிக்கும் 2095ஆம் எண் நிகழ்வு பதிவானால் நல்லது, உள்நுழைவைக் கவனிக்கும் நெட்லாகன் சேவை இடைநிறுத்தப்படும். எண் மறுபடி 5000ஐத் தாண்டிய பிறகே மற்ற சர்வர் கேட்டால் அந்த எச்சரிக்கையும் வராது.

எனவே ‘எண்வழுக்கல்’. வழுக்குவது தானாக நேர்வது. பிழையைக் குறிக்கும் ‘வழு’வும் அதற்குள்ளேயே ஒலிக்கிறது.

> விண்டோஸ் சர்வர் 2012 முதல் விஎம் ஜெனரேஷன் ஐடி (மெய்நிகர் கணினிக்கு ஹைப்பர்வைசர் தரும் அடையாளம்) இதைத் தடுக்கிறதே, சொல் தேவையா?

தேவை. மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர் வழியாக ஸ்னாப்ஷாட்டை (சேமித்துவைத்த பழைய நிலை) திருப்புவது போன்ற செயல்களில்தான் அந்த ஐடி மாறும். சர்வரும் புது இன்வொகேஷன் ஐடி எடுத்து, ரிட் தொகுப்பைக் கைவிடும். அதே மெய்நிகர் கணினியில் பழைய வட்டுக் கோப்பை மாற்றி வைத்தால் ஐடி மாறாது. அந்த ஐடியை வழங்காத ஹைப்பர்வைசரில் காப்பே இல்லை. சிஸ்டம் ஸ்டேட்டை (டைரக்டரி அடங்கிய கணினி நிலை) காப்பெடுத்து, டைரக்டரி மீட்புப் பயன்முறையில் மீட்பதே சரியான வழி. காப்பு, நீக்கியவற்றின் அடையாளத்தை வைத்திருக்கும் டூம்ஸ்டோன் காலத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும்: இப்போதைய இயல்பளவு 180 நாள், பழைய ஃபாரஸ்ட்களில் (டொமைன்களின் தொகுதி) 60. (டூம்ஸ்டோனுக்கு ‘நடுகல்’ எனக்குப் பிடித்திருக்கிறது, மறைந்ததன் அடையாளமாக நிற்பதுதானே அது.)

> வினையாக எப்படி ஆள்வது?

‘எண் வழுக்கிய சர்வர்’. கையேட்டில் இப்படி வரும்: எண் வழுக்கிய சர்வரை வலையிலிருந்து பிரிக்கவும், கட்டாயப் பதவியிறக்கம் (டொமைன் கன்ட்ரோலர் பணியிலிருந்து நீக்கல்) செய்யவும், வேறொரு கன்ட்ரோலரில் அதன் மெட்டாடேட்டாவை (அதைப் பற்றிய பதிவுகள்) நீக்கவும், பிறகே மறுபடி பதவியேற்றவும். அதில் மட்டும் இருக்கும் புதுக் கணக்குகளை முதலிலேயே குறித்துக்கொள்ளவும், பதவியிறக்கத்தோடு அவை போய்விடும்.