திரை அணைந்தால் முடுக்கமானித் தரவு நின்றுவிடுகிறது

முதியோரின் நடைத் தடுமாற்றத்தைப் பதிவுசெய்யும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஆண்ட்ராய்டு 14 உள்ள ஒரு நடுத்தர விலைக் கைபேசியில், மூன்று வாரங்களாக, திரை அணைந்த 40 விநாடிகளில் முடுக்கமானி (கைபேசியின் அசைவை அளக்கும் உணரி) அளவீடுகள் நின்றுவிடுகின்றன. திரையைத் தொட்டதும் எதுவுமே நடக்காததுபோல் மீண்டும் வருகின்றன.

ஆண்ட்ராய்டு 9 முதல் பின்னணிச் செயலிகளுக்குத் தொடர் உணரித் தரவு கிடைக்காது என்பதால், அறிவிப்புடன் கூடிய முன்னணிச் சேவையாகவே இயக்குகிறேன். பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் பெற்றாயிற்று. அளவெடுக்கும் வேகம் 50 ஹெர்ட்ஸ்தான் (விநாடிக்கு 50 முறை) என்பதால் ஆண்ட்ராய்டு 12 விதித்த 200 ஹெர்ட்ஸ் வரம்பும் காரணமில்லை. பத்து விநாடித் தாமதம் கொடுத்துத் தொகுப்பாகப் பெற முயன்றால், உணரியின் ஃபிஃபோ (அளவீடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவகம்) கொள்ளளவு பூஜ்யம் என்கிறது. உறங்கும் கைபேசியைத் தானே எழுப்பித் தரவு தரும் விழிப்பூட்டும் வகை முடுக்கமானியும் இக்கருவியில் இல்லை. திரை அணைந்தாலும் கைபேசியின் சிபியு உறங்காமல் தடுக்கும் வேக்லாக் பிடித்தால் தரவு வருகிறது, ஆனால் காலையில் நிரம்பிய பேட்டரி மாலைக்குள் காலியாகிவிடுகிறது.

இத்தகைய கருவியில், நாள் முழுதும் வேக்லாக் பிடிக்காமல் அளவீடுகளை இடைவெளியின்றிப் பெற வழி உண்டா?