முதற்பதிப்பும் முதலச்சும்: ‘அச்செண் நிரை’ என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

அன்புடையீர்,

வட்டார வரலாற்று நூல்களை வெளியிடும் பதிப்பகங்களின் முதற்பதிப்புகளை அடையாளம் காண்பது பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதத் தொடங்கியபோது, ‘பதிப்பு’ என்னும் சொல்லே முதல் தடையாக வந்து நின்றது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்னும்போது, சுவடிகளை ஒப்பிட்டுப் பாடத்தை நிறுவிய பணியை நினைக்கிறோம். ‘திருத்திய இரண்டாம் பதிப்பு’ என்னும்போது, உள்ளடக்கம் மாறிப் புதிதாக அச்சுக்கோக்கப்பட்ட நூலைக் கருதுகிறோம். ஆனால் ஓரெழுத்தும் மாறாமல் மறுபடி அச்சடித்துவிட்டு அதையும் ‘மூன்றாம் பதிப்பு’ என்றே குறிக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. நூல் சேகரிப்பவருக்கு வேண்டியதோ முதற்பதிப்பின் முதல் அச்சு. ஆகவே, அச்சுக்கோப்பு புதிதானால் ‘பதிப்பு’ என்றும், அதே கோப்பிலிருந்து ஒரு தடவையில் அச்சிட்டு எடுத்த படிகள் அனைத்தும் சேர்ந்தது ‘அச்சு’ என்றும் பிரித்து, முதலச்சு, இரண்டாம் அச்சு என்று வழங்கலாம் என்பது என் கருத்து. ‘ஈடு’ என்னும் சொல்லும் ஒரு தடவையில் எடுக்கும் தொகுதியை அழகாகக் குறிக்கும். ஆயினும் ‘முதல் ஈடு’ சேர்ந்தால் ‘முதலீடு’ ஆகிவிடும் என்பதால் மனமின்றியே அதை விட்டேன்.

அடுத்தது இன்னும் கடினமானது. பல நூல்களில் பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஓர் எண்வரிசை இருக்கும். எஞ்சியிருப்பவற்றுள் மிகச் சிறிய எண்ணே அது எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். அச்சுத் தகட்டில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட இருப்பதை அழிப்பது எளிது என்பதால் ஒவ்வொரு மறு அச்சின்போதும் ஓர் எண்ணை நீக்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் printer’s key எனப்படும் இதை ‘அச்சகத் திறவுகோல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படிப்பவருக்கு எதுவும் புலப்படாது. ‘இறங்கெண் வரி’ என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சில நூல்களில் 1 3 5 7 9 10 8 6 4 2 என்று அமைத்திருப்பார்கள், இருபுறமும் மாறிமாறி நீக்கினால் எஞ்சியவை பக்கத்தின் நடுவிலேயே நிற்கும் என்பதற்காக. ‘வரி’ என்றால் அரசுக்குக் கட்டும் வரியே நினைவுக்கு வருகிறது. ‘நிரல்’ இன்று கணினிக்குப் போய்விட்டது. மேலும் பள்ளிக் கணக்கில் அணியின் செங்குத்து வரிசை நிரல், கிடை வரிசை நிரை. இங்கே எண்கள் கிடையாக நிற்பதால் ‘அச்செண் நிரை’ என்பதை முன்மொழிகிறேன். சேர்த்து எழுதினால் எண்ணூறு போல ‘அச்செண்ணிரை’ என்று புணர்ந்து கண்ணுக்கு மயக்கம் தரும்; பிரித்தே எழுதுவோம்.

இந்த நிரையை மட்டும் நம்பிவிடவும் முடியாது. அமெரிக்கப் பதிப்பகமான ரேண்டம் ஹவுஸ் பல ஆண்டுகளாக முதலச்சில் ‘முதற்பதிப்பு’ என்ற சொற்களையும் 2-இல் முடியும் நிரையையும் சேர்த்து இட்டுவந்தது. இரண்டாம் அச்சில் அந்தச் சொற்களை மட்டும் நீக்கியது. வட்டார வரலாற்று நூல்களிலோ நிரையே இல்லாமலிருப்பது அரிதன்று. சிறிய எண்ணிக்கையில் அச்சிட்டு, தீர்ந்ததும் அதே ஆண்டைத் தாங்கிய பக்கத்துடனேயே மறுபடி அச்சடிப்பார்கள். அப்போது மறைமுகமான சான்றுகளைத்தான் தேட வேண்டும். பதிப்பகம் பின்னாளில் குடிபெயர்ந்த முகவரியோ, பின்னட்டையின் விளம்பரத்தில் நூலாண்டுக்குப் பிறகு வெளிவந்த தலைப்போ இருந்தால் அது முதலச்சாக இருக்க வழியில்லை. பன்னாட்டுத் தர நூல் எண் (ISBN) 2007 ஜனவரியில்தான் 13 இலக்கத்துக்கு முறைப்படி மாறியது. எனவே, பதிப்புரிமைப் பக்கத்தில் 1985 என்ற ஆண்டும் 13 இலக்க எண்ணும் ஒன்றாக நின்றால் ஐயப்பட்டே ஆக வேண்டும். பழைய ஒளிப்படங்கள் நிறைந்த நூல்களில் படங்களின் தெளிவும் உதவும். அச்சிட்ட பக்கத்தையே மீண்டும் படமெடுத்து அச்சிட்டால் நுண்ணிய கோடுகள் மங்கிப் புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு விவரிப்பை எழுதிப் பார்த்தேன்: “முதற்பதிப்பு, மூன்றாம் அச்சு, அச்செண் நிரை 3 முதல் 10 வரை, மேலுறையில் விலை அச்சிட்ட மூலை வெட்டப்பட்டது.” எனக்கு இது தடையின்றிப் படிக்க முடிகிறது. ஒரே அச்சுக்குள் இடையில் பிழை திருத்தப்பட்டதால் வேறுபடும் படிகளுக்கு ‘நிலை’ என்று வைத்திருக்கிறேன்; அது மிகப் பொதுவான சொல்லாகப் படுவதால், இதைவிடக் கூர்மையான ஒன்று தங்களுக்குத் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.